டிராக் காருக்கு எந்த ஆயில்? நம்பிக்கைகளும் உண்மைகளும்

மும்பை டிராம்பேயில், மாஹுல் பக்கம் இருக்கும் எச்.பி.சி.எல். சுத்திகரிப்பு ஆலை 1954-இல் தொடங்கியது. என்ஜின் ஆயிலுக்கு மூலமான பேஸ் ஆயில் அங்கே 1969 முதல் தயாராகிறது. அதே வட்டாரத்து ஒர்க்‌ஷாப்களிலும் ஆயில் கிரேடு பற்றிய தவறான நம்பிக்கைகள் வேரூன்றிக் கிடக்கின்றன. கோவை செட்டிப்பாளையம் டிராக்குக்கோ இருங்காட்டுக்கோட்டை டிராக்குக்கோ காரைக் கொண்டுபோய் ஓட்டும் இளைஞர்கள், என்ஜினைக் காப்பதாக எண்ணி அதற்கே கேடு செய்துவிடக் கூடாது.

நம்பிக்கை: ஆயில் எவ்வளவு கெட்டியோ, என்ஜினுக்கு அவ்வளவு பாதுகாப்பு.

உண்மை: கிராங்க் ஷாஃப்டுக்கும் பேரிங்குக்கும் நடுவே இருப்பது மில்லிமீட்டரில் நூறில் சில பங்கு இடைவெளிதான். அந்த இடைவெளிக்கும் ஆயில் எட்டும் சூட்டுக்கும் ஏற்றதே சரியான கிரேடு. 100 டிகிரியில் 30 கிரேடு ஆயிலின் பாகுத்தன்மை 9.3 முதல் 12.5 சென்டிஸ்டோக் வரை. 40 கிரேடுக்கு 12.5 முதல் 16.3 வரை, 50 கிரேடுக்கு 16.3 முதல் 21.9 வரை. 100 டிகிரியில் 14 சென்டிஸ்டோக் உள்ள ஆயில், 135 டிகிரியில் ஏறத்தாழ பாதியாக இளகிவிடும். ஆயில் சூடு 120 டிகிரியைத் தாண்டாத காருக்கு மேனுவலில் சொன்ன கிரேடே போதும். 130-க்கு மேலேயே நின்றால் ஒரு படி கூட்டலாம். ஆயில் கூலர் பொருத்துவது அதைவிட நல்லது. தேவைக்கு மேல் கெட்டியான ஆயில் உராய்வால் தானே சூட்டைக் கூட்டும். பம்பின் ரிலீஃப் வால்வு திறந்து, பேரிங்குக்குப் போக வேண்டிய ஆயிலில் ஒரு பகுதி திரும்பிவிடும்.

நம்பிக்கை: மும்பையில் குளிரே இல்லை, 5டபிள்யூ ஆயில் வீண்.

உண்மை: இதில் பாதி சரி. 5டபிள்யூ-40 என்பதில் முதல் எண் கடுங்குளிருக்கானது, இரண்டாவது எண்தான் மேலே சொன்ன 100 டிகிரி கிரேடு. 5டபிள்யூ ஆயிலை மைனஸ் 30 டிகிரியிலும் 15டபிள்யூ ஆயிலை மைனஸ் 20-லும் சோதிக்கிறார்கள். ஆனால் 5டபிள்யூ-40 சூட்டில் நீர்த்துப்போகும் என்பது தவறு. 100 டிகிரியில் அதற்கும் 15டபிள்யூ-40-க்கும் ஒரே வரம்புதான். இரண்டு எண்களுக்கும் இடைவெளி கூடக் கூட, பொதுவாக பாலிமர் சேர்க்கையும் கூடும். டிராக்கில் அந்தப் பாலிமர் அறுபட்டு ஆயில் இளகலாம். அதனால் நம் வெயிலில், தயாரிப்பாளர் அனுமதித்தால், 10டபிள்யூ-40 தயங்காமல் போடலாம். எந்த ஆயிலானாலும் 30 டிகிரி காலையில் அது 100 டிகிரியில் இருப்பதைவிடப் பல மடங்கு கெட்டி. ஆயில் 80 டிகிரியைத் தொடும் முன் ஆக்சிலரேட்டரை முழுசாக மிதிக்காதீர்கள்.

நம்பிக்கை: பிரஷர் மீட்டர் ஏறினால் என்ஜின் பத்திரம்.

உண்மை: பிரஷர் காட்டுவது ஆயில் ஓட்டத்துக்கு எதிரே உள்ள தடையை. வளைவில் மட்டும் முள் சட்டென்று விழுந்தால், பெரும்பாலும் சம்ப்பில் உள்ள ஆயில் ஒருபக்கம் ஒதுங்கி, பம்ப் காற்றை உறிஞ்சுகிறது என்று பொருள். கெட்டி ஆயில் அதைத் தீர்க்காது. முதலில் டிப்ஸ்டிக்கில் அளவைப் பாருங்கள். பிறகு சம்ப்பில் தடுப்புத் தகடு வையுங்கள்.

நம்பிக்கை: முழு சிந்தெடிக் என்றால் கிரேடு பார்க்க வேண்டாம், சீக்கிரம் மாற்றவும் வேண்டாம்.

உண்மை: சிந்தெடிக் சூட்டைக் கூடுதலாகத் தாங்கும், கிரேடு வரம்பு அதற்கும் உண்டு. 150 டிகிரியில், பேரிங்குக்குள் நடப்பது போன்ற வேகமான அறுப்பில் அளக்கப்படும் பாகுத்தன்மையை டேட்டா ஷீட்டில் தேடுங்கள். 30 கிரேடுக்குக் குறைந்தபட்சம் 2.9, 5டபிள்யூ-40-க்கு 3.5 மில்லிபாஸ்கல் நொடி இருக்க வேண்டும். ரிங்குகளைத் தாண்டி இறங்கும் பெட்ரோல் சிந்தெடிக்கையும் இளக்கும். டிராக்கில் ஓடிய ஆயிலைச் சாலைக் கணக்குப்படி விட்டுவைக்காமல் முன்னதாகவே மாற்றுங்கள்.

அடுத்த ஆயில் டின்னை வாங்குவதற்கு முன் ஆயில் டெம்பரேச்சர் மீட்டர் ஒன்றைப் பொருத்துங்கள். டிராக்கில் அது தொட்ட உச்ச எண்ணைக் குறித்துக்கொண்டு கடைக்குப் போங்கள். கிரேடைத் தீர்மானிக்க வேண்டியது அந்த எண்தான்.