நூல் ஒட்டிய அட்டை

அம்பத்தூர்,
ஞாயிறு காலை.

அன்புள்ள பாப்பாவுக்கு,

பெரியம்மா எழுதுவது. நீ வாட்ஸ்அப்பில் அனுப்பியதைப் பார்த்தேன். மூன்று எஃப்டிபி (ஆசிரியர் மேம்பாட்டுப் பயிற்சி) அழைப்பிதழ்கள், கீழே ஒற்றை வரி: "எதுக்குப் போனா நல்லது பெரியம்மா?" முப்பது வருஷம் பொருளாதாரம் நடத்திவிட்டு வீட்டில் உட்கார்ந்திருப்பவளிடம் இப்படிக் கேட்டால் கடிதம்தான் வரும். பொறுத்துக்கொள்.

போன செமஸ்டரில் நீ அனுப்பிய இன்னொரு செய்தியும் என் போனில் அப்படியே இருக்கிறது. முதல் இன்டர்னலில் நீ பாடம் எடுக்கும் கணக்கு வகுப்பில் பாதிப் பேர் ஃபெயில். "இவங்களுக்கு பேஸிக்ஸே இல்ல பெரியம்மா" என்று எழுதியிருந்தாய். அன்றைக்கு நான் பதில் போடவில்லை. இப்போது இரண்டையும் சேர்த்துப் படித்தால், இன்று கேட்ட கேள்விக்கு அன்று எழுதிய வரியிலேயே பதில் இருக்கிறது. அதைச் சொல்ல என் கதை ஒன்றைச் சொல்ல வேண்டும்.

நான் வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் வருஷம். பி.ஏ. வகுப்பின் முதல் பெஞ்சில் ஒரு பையன், பூந்தமல்லி அரசுப் பார்வையற்றோர் பள்ளியில் படித்துவிட்டு வந்தவன். அன்றைக்குத் தேவைக்கோடும் அளிப்புக்கோடும் பாடம். கரும்பலகையில் அழகாக வரைந்து, "இந்தக் கோடு இப்படி இறங்கும், அந்தக் கோடு இப்படி ஏறும், ரெண்டும் இங்க சந்திக்குது பாருங்க" என்றேன். அவன் எழுந்தான். "எந்தக் கோடு மேடம்? எப்படி இறங்கும்?" கேலியாகக் கேட்கவில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டான். எனக்கு முகம் வேர்த்துவிட்டது. எம்.ஏ.வில் முதல் வகுப்பு வாங்கியவள் நான். அவனுக்குச் சொல்ல என்னிடம் ஒரு வாக்கியம்கூட இல்லை.

யோசித்துப் பார். பள்ளியில் பத்தாம் வகுப்புக்குப் பாடம் எடுக்க பி.எட். கேட்கிறார்கள். கல்லூரியில் எடுக்க நெட்டோ செட்டோ பிஎச்.டி.யோ போதும். முக்கியமாக நமக்கு எவ்வளவு தெரியும் என்று பார்க்கிற தகுதிகள் அவை; தெரிந்ததை ஒரு வகுப்பின் முன்னால் நின்று சொல்லிக் காட்டு என்று அவை கேட்பதில்லை. பிஎச்.டி. செய்பவர்கள் கற்பித்தலிலும் பயிற்சி பெற வேண்டும் என்று யுஜிசி விதி எழுதியது 2022-இல். அதற்கு முன்னால் வந்தவர்கள் எல்லாரும் என்னைப் போல, மாணவர்கள் மேல்தான் ஒத்திகை பார்த்தோம்.

இந்தக் குறை யாருக்கும் தெரியாததும் இல்லை. உன் ஊர் ஆவடி வழியாகப் போகிற ரயில் பாதையிலேயே அரக்கோணம் தாண்டினால் திருத்தணி. அங்கே பிறந்த ராதாகிருஷ்ணன் தலைமையில் 1948-இல் அமைந்த பல்கலைக்கழகக் கல்விக் குழுவே ஆசிரியர்களுக்கு விடுமுறைக் காலப் புத்தாக்கப் பயிற்சி வேண்டும் என்று சொன்னது. 1986 தேசியக் கல்விக் கொள்கைக்குப் பிறகுதான் யுஜிசி அகாதெமிக் ஸ்டாஃப் காலேஜ்களைத் தொடங்கியது. பிற்பாடு அவற்றுக்கு ஹெச்ஆர்டிசி என்று பேர் மாறி, இப்போது மாளவியா மிஷன் மையம் என்கிறார்கள். போர்டு மாறினாலும் வேலை அதேதான்.

அந்தப் பையன் கேட்ட சில மாதத்தில் அப்படி ஒரு மையத்தில் நடந்த ஓரியன்டேஷனுக்கு என்னை அனுப்பினார்கள். நாலு வாரம். காலையில் கையெழுத்து, பகலில் சொற்பொழிவு, சாப்பாட்டுக்குப் பிறகு பாதி அறை தூங்கும். நானும் தூங்கியிருக்கிறேன். ஒருநாள் மட்டும் மைக்ரோ டீச்சிங் வைத்தார்கள். ஐந்து நிமிஷம் நாம் பாடம் எடுக்க வேண்டும், மற்ற விரிவுரையாளர்கள் மாணவர்களாக உட்கார்ந்து குறை சொல்வார்கள். நான் வேண்டுமென்றே அந்தத் தேவைக்கோட்டையே எடுத்தேன். முடித்ததும் வெளியூரிலிருந்து வந்திருந்த விலங்கியல் ஆசிரியர் ஒருவர் சொன்னார்: "மேடம், உங்க பாடத்துல 'இது', 'அது', 'இப்படி' மூணையும் எடுத்துட்டா ஒண்ணுமே மிஞ்சாது." எல்லாரும் சிரித்தார்கள். அந்த முதல் பெஞ்ச் பையனைப் பற்றிச் சொன்னேன். சிரிப்பு நின்றது. "அட்டையில நூல ஒட்டிக் கொடுத்துப் பாருங்களேன்" என்றார் அவர்.

வீட்டுக்கு வந்து பழைய காலண்டர் அட்டையில் ஃபெவிகால் தடவிச் சணல் நூலை ஒட்டினேன். மறுவாரம் அவன் விரலை வைத்துத் தடவிக்கொண்டே, "விலை குறையக் குறைய வலது பக்கமா போறேன் மேடம்" என்றான். பின் பெஞ்சிலிருந்து ஒருவன் கேட்டான்: "விலை குறைஞ்சா ஏன் மேடம் வலது பக்கம் போகணும்?" கண் தெரிந்தவன். அந்தப் படத்தை எத்தனையோ முறை நோட்டில் வரைந்து, ஸ்கேல் வைத்து அடிக்கோடும் போட்டவன். அவனுக்கும் புரிந்திருக்கவில்லை என்று அன்றுதான் எனக்குத் தெரிந்தது. ஒருவனுக்காகச் செய்த அட்டை அன்றைக்கு வகுப்பு முழுக்கக் கைமாறியது.

நாலு வாரத்தில் நான் கொண்டுவந்தது ஒரு வாக்கியமும் ஓர் அட்டையும்தான். பக்கத்து நாற்காலிக்காரர்கள் சான்றிதழோடு போனார்கள். நான் அவர்களைவிடக் கெட்டிக்காரி இல்லை பாப்பா. என்னிடம் ஒரு கேள்வி இருந்தது, அவ்வளவுதான்.

உன் கேள்வி எது? "பேஸிக்ஸே இல்லை" என்பது எல்லா ஸ்டாஃப் ரூமிலும் மதியச் சாப்பாட்டோடு பரிமாறப்படுவது. நானும் சொல்லியிருக்கிறேன். சொன்னதும் மனசு லேசாகிவிடும். அதுதான் அதில் ஆபத்து. எந்த பேஸிக்? பின்னம் கூட்டத் தெரியவில்லையா? சைன், காஸ் குழப்பமா? இங்கிலீஷில் கேட்ட கேள்வியே புரியவில்லையா? விடைத்தாள்களை மறுபடி எடுத்து, தப்புகளை வகை பிரித்து எண்ணு. "பின்னம் கூட்டத் தயங்குகிற பையனுக்கு இன்டக்ரேஷனை எப்படித் தொடங்குவது?" என்கிற அளவுக்குக் கேள்வி கூர்மையாகட்டும். அதைப் பையில் போட்டுக்கொண்டு எந்தப் பயிற்சிக்கும் போகலாம்.

இனி உன் மூன்று அழைப்பிதழ்கள். உங்கள் கல்லூரியே ஆன்லைனில் நடத்தும் ஏ.ஐ. பயிற்சிக்கு ஹெச்ஓடி போகச் சொல்லிவிட்டார், போய்த்தான் ஆக வேண்டும். கேமராவை அணைத்துவிட்டு வேறு வேலை பார்க்காமல், உன் பின்னக் கணக்குகளை ஏ.ஐ.யிடம் கொடுத்து, எளிதிலிருந்து கடினம் வரை இருபது பயிற்சிக் கணக்கு தயாரித்துத் தரச் சொல்லிப் பார். விடைகளை நீயே ஒருமுறை போட்டுச் சரிபார். இரண்டாவது, பதிவுக் கட்டணம் கட்டிப் போகும் இரண்டு நாள் கருத்தரங்கு. அதில் உன் கேள்விக்கு இடமே இல்லை, விட்டுவிடு. 2020 ஊரடங்கில் ஃபீட்பேக் ஃபார்ம் நிரப்பினாலே இ-சர்ட்டிஃபிகேட் வந்து விழுந்ததே, அவற்றில் ஒன்றாவது உன் வகுப்புக்குள் வந்ததா?

மூன்றாவதைப் பிடித்துக்கொள். உன்னைப் போலப் பொறியியல் கல்லூரிக்குப் புதிதாக வரும் ஆசிரியர்களுக்காக ஏ.ஐ.சி.டி.இ. வகுத்த எட்டு மாட்யூல் அது. ஸ்வயம் தளத்திலேயே படிக்கலாம். பாடத்தைத் திட்டமிட்டு நடத்துவதற்கு ஒன்று, மாணவரை மதிப்பிடுவதற்கு ஒன்று என்று தனித்தனியாக இருக்கின்றன. அந்த இரண்டையும் முதலில் எடு. நேரில் பயிற்சி வேண்டுமென்றால் தரமணியில் என்ஐடிடிடிஆர் இருக்கிறது. தொழில்நுட்பம் கற்பிக்கும் ஆசிரியர்களுக்கென்றே 1964-இல் தொடங்கிய நிறுவனம்.

பயிற்சிக்குக் காத்திருக்காமல் ஜூன் மாதமே நீ தொடங்கக்கூடியவை மூன்று உண்டு. காசு செலவில்லை.

கேள்வி கேட்டதும் மனதுக்குள் மூன்று எண்ணு. மேரி பட் ரோ என்ற அமெரிக்க ஆய்வாளர் வகுப்புகளை ஒலிப்பதிவு செய்து பார்த்தார். கேள்வி கேட்ட ஆசிரியர்கள் பதிலுக்குக் காத்திருந்தது ஏறக்குறைய ஒரு நொடி. அதை மூன்று நொடியாக்கியதும் பதில்கள் நீண்டன, வழக்கமாகப் பேசாத பிள்ளைகளும் பேசினார்கள். தமிழில் யோசித்து இங்கிலீஷில் சொல்ல வேண்டிய ஆவடிப் பையனுக்கு அந்த மூன்று நொடி எவ்வளவு பெரிய கொடை!

கடைசி ஐந்து நிமிஷம் துண்டுச் சீட்டு கொடு. பேர் வேண்டாம், எந்த மொழியிலும் எழுதலாம்: இன்றைக்கு எந்த வரியில் தொலைந்து போனாய்? அடுத்த வகுப்பை அந்தச் சீட்டிலிருந்து தொடங்கு. அந்தச் சீட்டுகளில் வாழ்க்கையும் கொஞ்சம் வரும். எனக்கு ஒருத்தன், "ராத்திரி எஸ்டேட்ல ஷிஃப்ட் மேடம், தூங்குனதுக்கு மன்னிச்சிடுங்க" என்று எழுதினான். அம்பத்தூர் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் இரவெல்லாம் நின்றுவிட்டு வந்தவனைத்தான் நான் சோம்பேறி என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

மூன்றாவது, பக்கத்து வகுப்பின் கடைசி பெஞ்சில் மாதம் ஒருமுறை உட்கார். அவரையும் உன் வகுப்புக்குக் கூப்பிடு. நான் வேலை பார்த்த காலத்தில் மின்சார ரயிலில் நாங்கள் நாலைந்து ஆசிரியர்கள் ஒன்றாகப் போய் வருவோம். ஆவடிக்கும் அம்பத்தூருக்கும் நடுவில் பேசிக்கொண்டதில் பாதி வம்பு, பாதி பாடம். "இன்னைக்கு என் கிளாஸ் சொதப்பிடுச்சு" என்று வெட்கமில்லாமல் சொல்ல அந்தப் பெட்டி இருந்தது. நீங்கள் கல்லூரி பஸ்ஸில் ஆளுக்கொரு போனைப் பார்த்துக்கொண்டு போகிறீர்கள். யாராவது ஒருவரிடம் பேச்சைத் தொடங்கு.

உன் தரப்பு நியாயமும் எனக்குத் தெரியும். கோடையில் அட்மிஷனுக்கு அலைச்சல், நடுவில் சிஓ-பிஓ மேப்பிங், நாக் ஃபைல் என்று காகித வேலை, இதற்கு மேல் பயிற்சிக்குப் போனால் சொந்த லீவு, சொந்தக் காசு. இது சரியில்லை. ஆசிரியர் கற்றுக்கொள்வது கல்லூரிக்கும் லாபம். ஆன்-டூட்டி விடுப்பும் கட்டணமும் கல்லூரிதான் தர வேண்டும். எழுத்தில் கேள். தனியாகக் கேட்காதே, துறையில் நாலு பேர் கையெழுத்தோடு கேள். சான்றிதழ்களையும் தூக்கிப் போடாதே. பதவி உயர்வுக்குக் காகிதம் வேண்டும். ஃபைலில் வை. ஒவ்வொரு சான்றிதழுக்குப் பின்பக்கமும், இதைப் படித்ததால் வகுப்பில் எதை மாற்றினேன் என்று பென்சிலால் ஒரு வரி எழுது. எழுத ஒன்றும் இல்லாத காகிதம் எது என்று உனக்கே தெரிந்துவிடும்.

நூல் ஒட்டிய அட்டை இன்னும் என் பீரோவில் இருக்கிறது. சணல் கறுத்துவிட்டது, ஓரம் பிய்ந்துவிட்டது. அடுத்த ஞாயிறு சாப்பிட வா. வரும்போது அந்தப் பாதிப் பேரின் விடைத்தாள்களில் பத்தை எடுத்து வா. சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்து எண்ணிப் பார்ப்போம், எந்த பேஸிக் இல்லை என்று.

அன்புடன்,
பெரியம்மா