ஆக்டேன் எண்: பெட்ரோல் பங்க்கிலிருந்து வகுப்பறைக்கு

எரிபொருள்கள் பாடத்தில் ஆக்டேன் எண் சில வரிகளில் வந்துபோகிறது. மாணவர்கள் வரையறையை மனப்பாடம் செய்து இரண்டு மதிப்பெண் பெற்றுவிடுகிறார்கள். ஆனால் அதே மாணவர்கள் பெட்ரோல் பங்க்கில் 95, 100 என்ற பலகைகளைப் பார்க்கும்போது, பாடத்தில் படித்த எண்தான் அது என்று அவர்களுக்குத் தோன்றுவதில்லை. வீட்டில் பெரியவர்கள் சொல்வதே அவர்களுக்கு அறிவியல். இந்த இடைவெளியை நிரப்ப நான் வகுப்பில் நடத்திவரும் பாட முறையை ஆசிரிய நண்பர்களுடன் பகிர்ந்துகொள்கிறேன். இதற்கு இரண்டு பாடவேளைகள் போதும்.

தொடக்கம்: மாணவர்களின் கூற்றுகள்

"பெட்ரோலைப் பற்றி உங்கள் வீட்டில் என்ன சொல்வார்கள்?" என்று கேட்டுவிட்டு, வரும் பதில்களைத் திருத்தாமல் கரும்பலகையில் எழுதுவேன். ஏறத்தாழ ஒவ்வோர் ஆண்டும் இந்த நான்கும் வந்துவிடும்.

1. விலை கூடிய பெட்ரோலில் சக்தி அதிகம், பிக்கப் கூடும்.
2. அதைப் போட்டால் காலையில் ஒரே உதையில் ஸ்டார்ட் ஆகும்.
3. குறிப்பிட்ட கம்பெனி பெட்ரோல்தான் மைலேஜ் தரும்.
4. எத்தனால் கலந்ததால் மைலேஜ் குறைந்துவிட்டது.

ஒவ்வொன்றுக்கும் எதிரே 'சரி', 'தவறு', 'சில சமயம்' என்று மாணவர்கள் தம் நோட்டில் குறித்துக்கொள்வார்கள். பாடம் முடிந்ததும் அதே பட்டியலை மீண்டும் நிரப்ப வேண்டும்.

ஆக்டேன் எண் எதை அளக்கிறது?

முதலில் சைக்கிள் பம்ப். அதன் வாயை விரலால் அடைத்து வேகமாகப் பத்துமுறை அழுத்தச் சொல்லுங்கள். பம்பின் அடிப்பகுதி சூடாவதை மாணவர் தொட்டு உணரலாம். வாயுவை அழுத்தினால் வெப்பம் கூடும் என்பது இதிலேயே விளங்கிவிடும்.

எஞ்சின் சிலிண்டரிலும் இதுதான் நடக்கிறது. அமுக்க விகிதம் 10 என்றால், பெட்ரோல் ஆவியும் காற்றும் கலந்த கலவை பத்தில் ஒரு பங்கு கன அளவுக்கு நெருக்கப்படுகிறது. ஸ்பார்க் பிளக் பொறி வைத்ததும் தீ ஒரு முனையிலிருந்து சீராகப் பரவ வேண்டும். தீ வந்து சேருமுன்பே மறுமுனையில் உள்ள கலவை சூட்டினால் தானாகப் பற்றிக்கொண்டால், 'டக் டக்' என்று இடிக்கும் ஓசை கேட்கும். மெக்கானிக்குகள் இதை நாக்கிங் என்பார்கள். இது தொடர்ந்தால் பிஸ்டன் சேதமாகும்.

இப்படித் தானாகப் பற்றிக்கொள்ளாமல் தாங்கும் திறனே ஆக்டேன் எண். 1920களில் அமெரிக்காவில் உருவான இந்த அளவுகோலில் ஐசோ ஆக்டேனுக்கு 100, நேர்சங்கிலி ஹெப்டேனுக்கு 0. 91 எண் கொண்ட பெட்ரோல் என்றால், 91 பங்கு ஐசோ ஆக்டேனும் 9 பங்கு ஹெப்டேனும் கலந்த கலவை சோதனை எஞ்சினில் எந்த அளவுக்கு இடிக்குமோ, அதே அளவுக்கு இடிக்கும் பெட்ரோல் என்று பொருள். பெட்ரோலில் 91 சதவீதம் ஆக்டேன் இருக்கிறது என்பது பொருளன்று. இந்தத் தவறான கருத்தைப் பல மாணவர்களிடம் காணலாம்.

களிமண் உருண்டைகளும் ஈர்க்குச்சிகளும் கொண்டு இரண்டு மாதிரிகள் செய்யச் சொல்லுங்கள். எட்டு கார்பன்கள் நேர்வரிசையில் ஒன்று. ஐந்து கார்பன் சங்கிலியில் மூன்று மெத்தில் கிளைகளுடன் மற்றொன்று. மூலக்கூறு வாய்பாடு இரண்டுக்கும் ஒன்றே. ஆனால் கிளைகள் கொண்டதற்கு 100. நேர்சங்கிலி ஆக்டேனுக்கோ பூஜ்ஜியத்துக்கும் கீழே. மாற்றியம் என்பது ஏட்டுக் கணக்கு அல்ல என்பதற்கு இதைவிட நல்ல சான்று தேவையில்லை.

கூற்று 1: சக்தி அதிகமா?

ஆக்டேன் எண் வெப்ப ஆற்றலின் அளவு அன்று. ஆனால் அமுக்க விகிதம் கூடினால் எஞ்சினின் பயனுறுதிறன் கூடும். கொள்கையளவிலான ஓட்டோ சுழற்சியில் விகிதம் 8க்கு 56.5 சதவீதம், 10க்கு 60.2 சதவீதம். மேல்நிலை மாணவர்கள் இதைக் கணக்கிட்டே பார்க்கலாம். உயர்ந்த விகிதம் கொண்ட எஞ்சின் இடிக்காமல் ஓட உயர் ஆக்டேன் தேவை. எனவே அதற்காகவே வடிவமைத்த வண்டிக்குப் பயன் உண்டு. கரி படிந்து இடிக்கத் தொடங்கிய பழைய எஞ்சினுக்கும் சற்று உதவும். 91 போதும் என்று கையேடு சொல்லும், இடிப்பு இல்லாத வண்டியில் 100 ஊற்றினாலும் குறிப்பிடத்தக்க மாற்றம் இராது. விடை: 'சில சமயம்'.

கூற்று 2: ஸ்டார்ட் ஆவது எதனால்?

ஒரு மாணவரின் ஒரு கையில் ஒரு துளி சானிடைசர், மறு கையில் ஒரு துளி தேங்காய் எண்ணெய் வையுங்கள். எது முதலில் மறைகிறது? எரிவது திரவம் அல்ல, ஆவி. குளிர்ந்த எஞ்சின் எளிதில் ஸ்டார்ட் ஆவதற்குப் பெட்ரோலின் எளிதில் ஆவியாகும் தன்மையே காரணம். ஆக்டேன் எண் அல்ல. பல மாதம் நின்ற வண்டி மக்கர் செய்வதற்கு ஒரு காரணம், பெட்ரோலின் இலேசான கூறுகள் ஆவியாகிப் போவது. மற்றபடி பேட்டரி, ஸ்பார்க் பிளக், ஏர் ஃபில்டர் ஆகியவற்றைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

கூற்று 3: கம்பெனி முக்கியமா?

எந்த நிறுவனத்தின் பெட்ரோலும் இந்தியத் தர நிர்ணயத்துக்கு உட்பட்டதே. 2020 ஏப்ரல் 1 முதல் பிஎஸ் 6 தரத்தின்படி கந்தகம் பத்து லட்சத்தில் 10 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது. ஒரு நிறுவனத்தின் சுத்திகரிப்பு ஆலையிலிருந்து மற்றொரு நிறுவனத்தின் பங்க்குக்குப் பெட்ரோல் போவதும் வழக்கம். வேறுபாடு, சேர்க்கப்படும் தூய்மைப்படுத்தும் வேதிப்பொருள்களில் இருக்கலாம். அவை வால்வு, இன்ஜெக்டர் ஆகியவற்றில் படிவு சேராமல் மெதுவாக உதவுபவை. ஒரு டேங்க் ஊற்றியதும் மைலேஜைக் கூட்டும் மந்திரம் அல்ல.

கூற்று 4: எத்தனால்

இந்தக் கூற்றை மாணவர்களே கணக்குப் போட்டுத் தீர்க்கட்டும். ஒரு லிட்டர் பெட்ரோலில் சுமார் 32 மெகாஜூல் ஆற்றல். எத்தனாலில் சுமார் 21. இருபது சதவீதக் கலவையில் 0.8 × 32 + 0.2 × 21 = 29.8. ஏறக்குறைய 7 சதவீதக் குறைவு. ஆனால் எத்தனாலின் ஆக்டேன் எண்ணோ 100க்கும் மேல்! எண் கூடுகிறது, ஆற்றல் குறைகிறது. 'ஆக்டேன் என்றால் சக்தி' என்ற எண்ணம் இந்தக் கணக்கிலேயே உடைந்துவிடும். வண்டியில் உணரும் மைலேஜ் குறைவு எஞ்சினின் வடிவமைப்பைப் பொறுத்து மாறும் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

வீட்டுக் கணக்கு

சாதாரண பெட்ரோல் லிட்டர் 100 ரூபாய், மற்றது 108 என்று வைத்துக்கொள்வோம். மாதம் 20 லிட்டர் என்றால் கூடுதல் செலவு 160 ரூபாய், ஆண்டுக்கு 1,920. இந்தச் செலவு ஈடாக, 50 கிலோமீட்டர் தரும் வண்டி 54 தர வேண்டும். என் மாணவர்களில் பலருடைய தந்தையர் நாள்தோறும் வண்டியில் சென்று உழைப்பவர்கள். அவர்கள் வீட்டில் 1,920 ரூபாய் என்பது ஒரு பிள்ளையின் சீருடையும் காலணியும். அறிவியல் அந்த வீட்டுக்குள் போக வேண்டும் என்பதே என் நோக்கம்.

சோதித்துப் பார்க்க விரும்பும் மாணவர்கள், டேங்க்கை நிரப்பி, ஓடிய தூரத்தையும் மறுபடி நிரப்பிய அளவையும் பெற்றோரிடம் கேட்டுக் குறிக்கலாம். அதே வண்டி, அதே ஓட்டுநர், அதே வழி, அதே டயர் காற்று. ஒவ்வொரு பெட்ரோலுக்கும் குறைந்தது மூன்று முறை. மாறிகளைக் கட்டுப்படுத்துவது என்றால் என்ன என்பது இதில் புரியும். வண்டி ஓட்டுவது பெரியவர்கள் மட்டுமே. வகுப்பறைக்குப் பெட்ரோலைக் கொண்டுவரவே கூடாது. இவ்விரண்டையும் முன்கூட்டியே கண்டிப்பாகச் சொல்லிவிடுங்கள்.

எண்ணுக்குக் கொடுத்த விலை

இரண்டாம் பாடவேளையின் கடைசிப் பத்து நிமிடம் வரலாற்றுக்கு. 1921இல் அமெரிக்காவில் தாமஸ் மிட்ஜ்லி, டெட்ரா எத்தில் காரீயத்தைச் சிறிதளவு சேர்த்தால் இடிப்பு நிற்கும் என்று கண்டார். 1924இல் நியூ ஜெர்சியில் அதைத் தயாரித்த தொழிலாளர்கள் ஐவர் காரீய நஞ்சால் இறந்தனர். இருந்தும் அது உலகெங்கும் பரவியது. புகையில் வெளியேறிய காரீயம் குழந்தைகளின் மூளை வளர்ச்சியையே அதிகம் பாதித்தது. இந்தியாவில் 2000 பிப்ரவரியில் காரீயம் கலந்த பெட்ரோல் நாடு முழுவதும் நிறுத்தப்பட்டது. உலகில் கடைசியாக அல்ஜீரியாவில் 2021இல். ஒரு சிக்கலுக்குக் கிடைத்த தீர்வு யாருக்குத் தீங்கு செய்யும் என்று கேட்கும் பழக்கத்தை இந்தக் கதை விதைக்கிறது.

மதிப்பீடு

பட்டியலை மீண்டும் நிரப்பச் சொல்லும்போது, விடைக்கு எதிரே 'ஏனெனில்' என்று தொடங்கி ஒரு வரி எழுத வேண்டும் என்பதே என் ஒரே நிபந்தனை. மதிப்பெண்ணும் அந்த வரிக்குத்தான். 'சில சமயம்' என்று எழுதி, எந்தச் சமயம் என்றும் ஒரு மாணவர் விளக்கிவிட்டால், விளம்பரப் பலகையைப் படிக்க அவர் தயாராகிவிட்டார் என்று கொள்ளலாம்.