டயாலிசிஸ் இல்லாத நேரத்தையும் கேளுங்கள்



சிறுநீரகவியல் படிக்க வந்திருக்கும் உங்களிடம் ஒன்றை வலியுறுத்த விரும்புகிறேன். நோயாளி தன் உடம்பைப் பற்றிச் சொல்வதைக் கிரியாட்டினின், ஹீமோகுளோபின் எண்களுக்கு நிகரான சான்றாக எடுத்துக்கொள்ளுங்கள். வாரம் மூன்று முறை, ஒவ்வொரு முறையும் நான்கு மணி நேரம் என்று வைத்தாலும், டயாலிசிஸில் கழிவது 12 மணி நேரம். மீதி 156 மணி நேரம் அவர் இந்த நோயோடு வீட்டில்தான் இருக்கிறார். அதைப் பற்றி ரத்தப் பரிசோதனைத் தாள் அதிகம் சொல்லாது. ஹீமோடயாலிசிஸ் ஆய்வுகளில் எதை அளக்க வேண்டும் என்று நோயாளிகளையும் மருத்துவர்களையும் சேர்த்துக் கேட்ட 'சாங்' என்ற பன்னாட்டு முயற்சியில் இரு தரப்புக்கும் இடையிலான இடைவெளி தெளிவாகத் தெரிந்தது. இறப்புக்கும் மருத்துவமனைச் சேர்க்கைக்கும் மருத்துவர்கள் கூடுதல் மதிப்புக் கொடுத்தார்கள். வெளியூர் போக முடிவது, டயாலிசிஸ் இல்லாத நேரம், சிகிச்சை முடிந்ததும் ஆளைச் சாய்த்துவிடும் அசதி ஆகியவை நோயாளிகளுக்குப் பெரிதாக இருந்தன. கடைசியில் எல்லா ஆய்வுகளிலும் அளந்தாக வேண்டியவை என்று முடிவானவற்றில் இதயநோய், இறப்பு ஆகியவற்றோடு சோர்வும் இடம்பெற்றது.

சோர்வு ஆளுக்கு ஆள் மாறுமே, அதை எப்படி அளப்பது என்று கேட்பீர்கள். களைப்பாக இருக்கிறதா, தெம்பு இருக்கிறதா, அன்றாடக் காரியங்களைச் செய்ய முடிகிறதா என்ற மூன்று கேள்விகளில் அதே குழு ஓர் அளவுகோலை உருவாக்கியிருக்கிறது. விசாரித்துப் பார்த்தால் சோர்வுக்குப் பின்னால் ரத்தசோகை இருக்கலாம். டயாலிசிஸில் நீரை வேகமாக இறக்கியதால் ரத்த அழுத்தம் சரிந்திருக்கலாம். இரவெல்லாம் அரிப்பில் தூக்கம் கெட்டிருக்கலாம். இவை மருத்துவம் பார்க்கக்கூடியவைதானே?

தாகத்தைப் பற்றியும் இப்படித்தான் விசாரிக்க வேண்டும். இரண்டு டயாலிசிஸுக்கு நடுவே மூன்று கிலோ எடை ஏறி வருபவரை "தண்ணியக் குறைங்க" என்று அதட்டுவது நம் வார்டுகளில் சகஜம். தாகத்தைக் கிளப்புவது பெரும்பாலும் உப்பு. வீட்டில் எல்லோருக்கும் ஒரே குழம்பு, தொட்டுக்கொள்ள ஊறுகாயோ கருவாடோ. பொட்டாசியம் குறைய, காயை நறுக்கி, நிறைய தண்ணீரில் வேகவைத்து, அந்தத் தண்ணீரை வடித்துக் கொட்டிவிட்டுச் சமைக்கவும் சொல்கிறோம். அந்த வேலை யார் தலையில் விழுகிறது என்று கேட்பதில்லை. சித்திரை வெயிலில், இளநீரும் கூடாது என்ற நிலையில், அரை லிட்டர் பாட்டிலில் நாள் முழுவதற்கும் அளந்து வைத்துக்கொண்டு, நாக்கு வறண்டால் ஒரு ஐஸ் கட்டியை வாயில் அடக்கிக்கொள்கிறவருக்கு அதட்டல் எந்த விதத்திலும் உதவாது. உப்பு எங்கிருந்து வருகிறது என்று அவரோடு உட்கார்ந்து கண்டுபிடிப்பதுதான் உதவும்.

நேரம் எங்கே என்பது நியாயமான கேள்வி. புறநோயாளிப் பிரிவின் கூட்டத்தில் இதெல்லாம் நடக்காது. ஆனால் டயாலிசிஸ் அறையில் அவர் நான்கு மணி நேரம் படுத்திருக்கிறார், செவிலியரும் டெக்னீஷியனும் பக்கத்திலேயே இருக்கிறார்கள். அங்கே கேட்கலாம். முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் சிகிச்சைக்குக் காசு கட்ட வேண்டியதில்லைதான், ஆனால் பஸ் செலவும், அவரும் கூட வருபவரும் இழக்கும் கூலியும் அதில் அடங்காது. ஒருவர் ஒரு முறை வராமல் போனால், கேஸ் ஷீட்டில் 'ஒத்துழைப்பதில்லை' என்று எழுதுவதற்கு முன், எந்த ஊரிலிருந்து வருகிறார், கூட யார் வருகிறார், அன்றைய கூலிக்கு என்ன செய்கிறார் என்று கேளுங்கள். அவர் சொல்லும் பதிலையும் அதே தாளில் எழுதி வையுங்கள்.