புழுதி அடக்கும் திரவங்களும் கிராமச் சாலைகளும்

கிராமத்திலிருந்து சந்தைக்கும் பள்ளிக்கும் மருத்துவ நிலையத்திற்கும் செல்லும் வழி செம்மையாக இருந்தால்தான் மற்ற அபிவிருத்திப் பணிகள் யாவும் முழுப் பயனைத் தரும் என்பது யாவரும் அறிந்ததே. 2000-ஆம் ஆண்டு டிசம்பர் 25-ஆம் நாள் தொடங்கப்பெற்ற பிரதம மந்திரி கிராமச் சாலைத் திட்டத்தினால் பல ஊர்கள் தார்ச் சாலை பெற்றுள்ளன. எனினும், வயல்களுக்குச் செல்லும் வண்டிப் பாதைகள், தோட்டத்து வீடுகளுக்குப் பிரியும் கிளைப் பாதைகள், கல் குவாரிக்குச் செல்லும் சரளைப் பாதைகள் ஆகியவை பல இடங்களில் இன்றும் மண் பாதைகளாகவே உள்ளன. கோடையில் அவற்றில் புழுதி, மழைக்காலத்தில் சேறு. இவ்விரு துன்பங்களுக்கும் மருந்து என்று கூறிப் பலவகைத் திரவங்கள் இன்று விற்பனைக்கு வந்திருக்கின்றன. அவற்றுள் எது எவ்விடத்திற்கு ஏற்றது, எது பயனற்றது, எது தீங்கு விளைவிப்பது என்பதை ஊராட்சி உறுப்பினர்களும் பொதுமக்களும் அறிந்திருத்தல் அவசியம். பொதுப் பணத்தைச் செலவிடுமுன் கேட்க வேண்டிய கேள்விகளை அறிந்தவர்களை எவரும் எளிதில் ஏமாற்ற இயலாது.

புழுதி என்பது என்ன?

நல்ல சரளைச் சாலையில் கல், மணல், நுண்மண் ஆகிய மூன்றும் அளவோடு கலந்திருக்கும். 0.075 மில்லிமீட்டர் கண்ணுள்ள சல்லடையில் இறங்கக்கூடிய வண்டலும் களியுமே நுண்மண் எனப்படும். மேற்பரப்பில் இது 100-க்கு 8 முதல் 15 பங்கு வரை இருப்பது நன்று. செங்கற்களைச் சுண்ணாம்புச் சாந்து பிணைப்பது போல, சரளைக் கற்களைப் பிணைத்து நிறுத்துவது இந்நுண்மண்தான்.

வண்டிச் சக்கரம் உராயும்போது உலர்ந்த நுண்மண் தூளாகிக் காற்றில் எழும்புகிறது. ஆகவே புழுதி என்பது வெளியிலிருந்து வந்த குப்பை அன்று. சாலை தன் உடலையே இழந்து வருவதன் அடையாளம். பிணைப்பு போனபின் கற்கள் கழன்று ஓரங்களில் குவிகின்றன. நடுவில் அலையலையான மேடு பள்ளங்கள் தோன்றுகின்றன. பள்ளத்தில் நீர் தேங்குகிறது. தேங்கிய நீர் அடித்தளத்தையும் நெகிழச் செய்கிறது. பின்னர் ஊராட்சி மீண்டும் சரளைக்குப் பணம் செலவிட நேருகிறது. திண்ணையில் படிந்த புழுதியைத் துடைக்கும் இல்லத்தரசி, ஊரின் சாலை நிதியில் ஒரு சிறு பகுதியைத்தான் துடைத்தெறிகிறார்.

பொருள் இழப்பு மட்டுமன்று. புழுதியில் 0.01 மில்லிமீட்டருக்கும் சிறிய துகள்கள் மூக்கைக் கடந்து நுரையீரல் வரை செல்ல வல்லவை. குவாரி லாரிகள் செல்லும் வழியில் பள்ளிக்கூடம் அமைந்திருந்தால், குழந்தைகள் அன்றாடம் இதையே சுவாசிக்கின்றனர். எனவே புழுதியை அடக்குவது அழகுக்காகச் செய்யும் காரியம் அன்று. சுகாதாரப் பணியே ஆகும்.

நம் முன்னோர் அறிந்த முறை

மண்ணின் மேற்பரப்பைத் திரவத்தால் இறுகச் செய்வது நமக்குப் புதிய செய்தி அன்று. கதிர் அடிக்குமுன் களத்தைச் சமன் செய்து, நீர் தெளித்து, கெட்டித்து, சாணம் கரைத்து மெழுகுவது உழவர் வழக்கம். தானியத்தில் மண் கலவாதிருக்கும் பொருட்டே இவ்வாறு செய்தனர். வாசலில் சாணம் தெளிப்பதிலும் இப்பயன் உண்டு. ஆனால் மெழுகிய களத்தின்மேல் பாரவண்டியை ஓட்டினால் என்னவாகும்? மேற்பூச்சு பெயர்ந்துவிடும். இந்த ஓர் உண்மையை மனத்தில் இருத்திக் கொண்டால், புதிய திரவங்களின் பயனும் எல்லையும் எளிதில் விளங்கும்.

இரு வேறு பணிகள்

முதற்பணி, மேற்பரப்பை மூடிப் புழுதியை அடக்குதல். இதில் திரவம் மேலே தெளிக்கப்படுகிறது. சில மில்லிமீட்டர் முதல் ஒன்றிரண்டு சென்டிமீட்டர் ஆழம் வரையே ஊறுகிறது. இரண்டாவது பணி, அடித்தளத்தை உறுதிப்படுத்துதல். இதில் மண்ணை 15 சென்டிமீட்டர் அளவு ஆழம் கிளறி, பிணைப்புப் பொருளைக் கலந்து, மட்டம் செய்து, உருளையால் இறுக்குகின்றனர். முன்னது களத்தை மெழுகுவது போன்றது. பின்னது மண்ணைப் பிசைந்து சுவர் வைப்பது போன்றது. மேலே தெளிக்க வேண்டிய செலவில் அடித்தளமும் உறுதிப்படும் என்று எவரேனும் கூறினால் அதை நம்பலாகாது.

திரவங்களின் வகை

முதலாவது வெறும் நீர். இது மலிவானது, ஆனால் கோடை வெயிலில் சில மணி நேரத்தில் உலர்ந்துவிடும். திருவிழா, சாலைப்பணி முதலிய குறுகிய காலத் தேவைகளுக்கே ஏற்றது.

இரண்டாவது வகை, ஈரத்தை ஈர்க்கும் உப்புகள். கால்சியம் குளோரைடு, மக்னீசியம் குளோரைடு ஆகியவை இவ்வினம். உப்பளங்களில் உப்பு எடுத்தபின் எஞ்சும் கசப்பு நீரில் மக்னீசியம் குளோரைடு மிகுந்துள்ளது. 25 டிகிரி வெப்பத்தில் காற்றின் ஈரப்பதம் 100-க்குச் சுமார் 30 பங்கிற்கு மேல் இருக்குமானால் இவை காற்றிலிருந்தே நீரை ஈர்த்துச் சாலையை ஈரமாக வைத்திருக்கும். ஆயினும் கனமழையில் கரைந்து ஓடிவிடும், இரும்பை அரிக்கும், வேர்ப்பகுதியில் சேர்ந்தால் பயிருக்குக் கேடு. கிணற்றருகிலும் நாற்றங்கால் அருகிலும் இவற்றைத் தெளித்தல் கூடாது.

மூன்றாவது வகை, தொழிற்சாலைகளின் துணைப்பொருள்களான இயற்கைப் பசைகள். காகிதக்கூழ் தயாரிப்பில் கிடைக்கும் லிக்னோசல்போனேட்டும், சர்க்கரை ஆலையில் எஞ்சும் கழிவுப்பாகும் இவ்வகையைச் சேர்ந்தவை. உலர்ந்த காலத்தில் நன்றாகப் பிணைக்கும். ஆனால் நீரில் கரையும் தன்மையால், மழைக்குப் பின் மீண்டும் தெளிக்க வேண்டிவரும்.

நான்காவது, பிட்டுமென் எமல்ஷன். பாலில் கொழுப்பு நுண்துளிகளாக மிதப்பது போல, நீரில் தார் நுண்துளிகளாக மிதக்கும் திரவம் இது. இதைக் காய்ச்ச வேண்டுவதில்லை. தெளித்தவுடன் பழுப்பாக இருக்கும். நீர் பிரிந்து தார்த்துளிகள் மண்ணில் ஒட்டியதும் கறுப்பாகும். கறுக்கும் வரை வண்டிகளை விடலாகாது. மண்ணில் ஊறுவதற்கும் மண்ணோடு கலப்பதற்கும் மெதுவாகப் பிரியும் வகையே ஏற்றது. நம் நாட்டில் இதற்கு ஐ.எஸ். 8887 என்னும் தர நிர்ணயம் உண்டு. அம்முத்திரையைப் பார்த்து வாங்குதல் வேண்டும்.

ஐந்தாவது, அக்ரிலிக் முதலிய பாலிமர் எமல்ஷன்கள். நீர் ஆவியானபின் இவை மெல்லிய படலமாகித் துகள்களைப் பிணைக்கின்றன. மணற்பாங்கான மண்ணிலும் சரளையிலும் நற்பயன் தரவல்லவை, விலை அதிகம்.

இவையன்றி, என்சைம் என்ற பெயரில் விற்கப்படும் திரவங்களும் உண்டு. களி கலந்த சில மண் வகைகளில் பயன் கிட்டியதாகவும், வேறு மண்ணில் பயனில்லை என்றும் முடிவுகள் மாறுபடுகின்றன. எனவே சோதனையின்றி இவற்றை ஏற்றல் தகாது.

ஓர் எச்சரிக்கை

வண்டிப் பட்டறைகளில் வடிக்கும் கழிவெண்ணெயைச் சாலையில் ஊற்றினால் புழுதி அடங்கும் என்று சிலர் கருதுவதுண்டு. இதன் விளைவை உணர அமெரிக்காவின் மிஸ்ஸௌரி மாநிலத்து டைம்ஸ் பீச் என்னும் சிற்றூரின் கதை போதும். 1970-களின் முற்பகுதியில் அவ்வூரின் மண் சாலைகளில் புழுதியை அடக்கக் கழிவெண்ணெய் தெளிக்கப்பட்டது. அதில் ஓர் இரசாயனத் தொழிற்சாலையின் கழிவும் கலந்திருந்தது. அக்கழிவில் டயாக்ஸின் என்னும் கொடிய நஞ்சு இருந்தது. 1982-ஆம் ஆண்டின் இறுதியில் மண்ணைச் சோதித்தபோது உண்மை வெளிப்பட்டது. 1983-ஆம் ஆண்டில் அரசாங்கம் ஊர் முழுவதையும் விலைக்கு வாங்க முன்வந்தது. சுமார் 2,000 மக்கள் வீடுகளை விட்டு நிரந்தரமாக வெளியேறினர். புழுதிக்கு அஞ்சி ஊரையே இழந்தனர். கலவை இன்னதென்று எழுத்து மூலம் தெரிவிக்கப்படாத எந்தத் திரவத்தையும் ஊருக்குள் அனுமதிக்கலாகாது என்பதே இதன் பாடம்.

முதலில் மண்ணை அறிக

நோயை அறியாமல் மருந்து கொடுத்தல் தகாது. சாலையில் மூன்று நான்கு இடங்களில் மண் எடுத்து, கண்ணாடிப் புட்டியில் பாதியளவு இட்டு, நீர் ஊற்றி நன்கு குலுக்கி வைத்திடுக. மணல் ஒரு நிமிடத்திற்குள் அடியில் படியும். அதன்மேல் வண்டல் படியும். களி படிய ஒரு நாளோ அதற்கு மேலோ ஆகும். படிந்த அடுக்குகளின் உயரமே மண்ணின் தன்மையை ஏறத்தாழக் காட்டிவிடும். மேலும், ஈரமண்ணை உள்ளங்கையில் 3 மில்லிமீட்டர் கனத் திரியாக உருட்டிப் பாருங்கள். உடையாமல் திரும்பத் திரும்ப உருண்டால் களி மிகுதி. உருளாமல் உதிர்ந்தால் மணல் மிகுதி.

கரிசல் மண்ணுக்கு மேற்பூச்சுத் திரவங்கள் தீர்வு ஆகா. ஈரத்தில் உப்பி, உலர்கையில் வெடிக்கும் இயல்பு அம்மண்ணின் களியிலேயே உள்ளது. அதற்கு நீற்றிய சுண்ணாம்பே உகந்தது. சுண்ணாம்பிலுள்ள கால்சியம் களியின் பசைத்தன்மையைக் குறைக்கிறது. பின்னர் வாரக்கணக்கில் களியோடு வினைபுரிந்து இறுகுகிறது. மணற்பாங்கான மண்ணுக்குச் சிமெண்டோ எமல்ஷனோ பொருந்தும். செம்மண் சரளைக்குப் பல வேளைகளில் சரியான அளவு களியைக் கலந்து இறுக்கினாலே போதும்.

நீர் வடிய வழி செய்க

நீர் தேங்கும் சாலையில் எந்தத் திரவமும் நில்லாது. சாலையின் நடுப்பகுதி உயர்ந்தும் இருபுறமும் சரிந்தும் இருத்தல் வேண்டும். 3.75 மீட்டர் அகலச் சரளைச் சாலைக்கு 100-க்கு 4 பங்கு சரிவு எனக் கொண்டால், நடுப்பகுதி ஓரத்தைவிட 7.5 சென்டிமீட்டர் உயர்ந்திருக்க வேண்டும். இருபுற வாய்க்கால்களும் தூர்ந்திருக்கக் கூடாது. இவ்வேலைக்கு மண்வெட்டியும் கயிறும் மட்டக்கோலும் போதும். இதை முடித்தபின்னரே திரவத்தைப் பற்றிப் பேச வேண்டும்.

கணக்கிடும் முறை

உதாரணமாக, 1 கிலோமீட்டர் நீளமும் 3.75 மீட்டர் அகலமும் உள்ள பாதையை எடுத்துக் கொள்வோம். இதன் பரப்பு 3,750 சதுர மீட்டர். மேற்பூச்சாகச் சதுர மீட்டருக்கு 1 லிட்டர் வீதம் இரு முறை தெளிப்பதாயின் 7,500 லிட்டர் கரைசல் தேவை. ஒரு பங்கு திரவத்திற்கு நான்கு பங்கு நீர் என்றால், வாங்க வேண்டியது 1,500 லிட்டர்.

அடித்தளத்தை 15 சென்டிமீட்டர் ஆழம் உறுதிப்படுத்துவதாயின், இறுகிய மண்ணின் கன அளவு 562.5 கன மீட்டர். கன மீட்டருக்கு 1.8 டன் எனக் கொண்டால், உலர்மண் எடை 1,012.5 டன். எந்த மண்ணும் ஒரு குறிப்பிட்ட ஈர அளவில்தான் மிக நன்றாக இறுகும். இதைக் கண்டறியும் சோதனையை 1933-ஆம் ஆண்டில் பிராக்டர் என்னும் அமெரிக்கப் பொறியாளர் வெளியிட்டார். அந்த அளவு 100-க்கு 10 எனவும், மண்ணில் ஏற்கனவே 6 பங்கு ஈரம் இருப்பதாகவும் கொண்டால், சேர்க்க வேண்டிய நீர் 4 பங்கு. அதாவது 40,500 லிட்டர். 3,000 லிட்டர் எமல்ஷன் சேர்ப்பதாயின், நீரை 37,500 லிட்டராகக் குறைத்தல் வேண்டும். இல்லையேல் மண் குழைந்து, உருளையின் கீழ் பிதுங்கும்.

இக்கணக்கிற்கு இன்னொரு பயனும் உண்டு. 20 லிட்டர் திரவத்தால் ஒரு கிலோமீட்டர் அடித்தளம் முழுவதும் உறுதிப்படும் என்று ஒரு விற்பனையாளர் கூறுவாராயின், டன் மண்ணுக்குக் கிட்டத்தட்ட நான்கு தேக்கரண்டி திரவமே சேரும். அது பலிக்கவே பலிக்காது என்று முன்கூட்டியே முடிவு கட்ட வேண்டியதில்லை; ஆனால் நிரூபிக்கும் கடமை விற்பவருடையது.

சோதித்துப் பார்த்தல்

ஒரே மண்ணில், ஒரே ஈரத்தில், ஒரே அச்சில், ஒரே எண்ணிக்கை இடி இடித்துச் சில உருண்டைகள் செய்க. பாதியில் திரவம் சேர்க்க வேண்டும். பாதியில் நீர் மட்டுமே. ஏழு நாள் நிழலில் உலர்த்தி, நீர்த்தொட்டியில் இடுக. இரண்டும் ஒரே நேரத்தில் கரைந்து சேறானால், அத்திரவம் அம்மண்ணுக்கு உதவாது. தேறுமாயின், ஒன்றியப் பொறியாளர் மூலம் பரிசோதனைக் கூடத்திற்கு அனுப்பி, நான்கு நாள் நீரில் ஊறவைத்தபின் தாங்குதிறன் எவ்வளவு என்று அறிய வேண்டும். உலர்ந்த மண்ணின் வலிமையை மட்டும் காட்டும் சான்றிதழ் போதாது. உலர்ந்த களிமண்ணும் கல்போல் இருக்கும் அன்றோ?

அடுத்து, சாலையில் 100 மீட்டர் திரவத்துடனும், அதையடுத்த 100 மீட்டர் திரவமின்றி அதே உருளையால் அதே அளவு இறுக்கியும் வைக்க வேண்டும். இந்த இரண்டாம் பகுதியே மிக முக்கியம். கிளறி, மட்டம் செய்து, நீரளவு பார்த்து இறுக்கினால் எந்தப் பாதையும் முன்னிலும் மேம்படும். அம்மேம்பாட்டைத் திரவத்தின் கணக்கில் எழுதிவிடுவது எளிது. அக்டோபர் முதல் டிசம்பர் வரையுள்ள வடகிழக்குப் பருவமழையைக் கடந்தபின் இரண்டையும் ஒப்பிட்டால் உண்மை தெரிந்துவிடும்.

தெளிக்கும்போது கவனிக்க வேண்டியவை

சாலையைச் சுரண்டி மட்டம் செய்து, சிறிது ஈரமாக்கிய பின்னரே தெளித்தல் வேண்டும். உலர்ந்த புழுதியின்மேல் தெளித்தால் திரவம் முத்துமுத்தாக உருண்டு நிற்கும். எமல்ஷன் பீப்பாய்களைத் திறக்குமுன் உருட்டுதல் வேண்டும். எமல்ஷனில் நீரைச் சிறிது சிறிதாகச் சேர்க்க வேண்டுமேயன்றி, நீரில் எமல்ஷனை ஊற்றலாகாது. மழை வரும் அறிகுறி இருந்தால் வேலையை ஒத்திவைக்க வேண்டும். வாய்க்காலிலோ குளத்திலோ ஒரு சொட்டும் கலக்க விடலாகாது. தொழிலாளருக்குக் கையுறையும் கண்ணாடியும் அளித்தல் கடமை.

எந்தப் பூச்சும் நிரந்தரமன்று. ஆண்டுதோறும் பார்த்துப் புதுப்பிக்க நிதி ஒதுக்குதல் வேண்டும். பாரவண்டிகள் மிகுந்த பாதைக்குக் கல் தளமும் தார் மேல்தளமுமே தக்கவை. அதுவரை, பள்ளி முன்னும் குடியிருப்பு நடுவிலும் வண்டிகளின் வேகத்தைக் குறைத்தாலே புழுதி கணிசமாகக் குறையும். இதற்குச் செலவு ஒன்றுமில்லை.

ஆகவே, அடுத்த கிராம சபைக் கூட்டத்தில் சாலைப் பொருள் வாங்கும் தீர்மானம் வருமாயின், நான்கு கேள்விகளைக் கேளுங்கள். நம் மண் எவ்வகையது? நீர் வடிய வழி செய்தாகிவிட்டதா? திரவத்தில் என்ன கலந்துள்ளது? திரவமின்றி இறுக்கிய பகுதியோடு ஒப்பிட்டாகிவிட்டதா? இந்நான்கிற்கும் தெளிவான விடை கிடைத்தபின் செலவிடும் பணம் காற்றில் பறக்காது. சாலையிலேயே நிலைத்து நிற்கும்.