வால் கனத்தால் வீழும்

ஸ்பிட்ஃபயர், 1936இல் முதன்முதலாகப் பறந்த பிரித்தானியப் போர்விமானம். அதன் சிறு மாதிரியைத் தெர்மாகோலில் செய்து, மின்மோட்டார் பொருத்திய தம்பி, உடனே பறக்கவிட விரைந்தான்.

“பொறு தம்பி! முதலில் சமநிலை பார்ப்போம்” என்றாள் அக்கா. இறக்கையின் முன்விளிம்பிலிருந்து அதன் அகலத்தில் கால்பங்கு தள்ளி, இருபுறமும் விரல்நுனியால் தாங்கினாள். வால் தாழ்ந்தது.

“வால் கனத்தால் மூக்கு நிமிரும், வேகம் குன்றும், உன் இருவார உழைப்பும் நொடியில் நொறுங்கும்” என்றாள். தம்பி மின்கலத்தை முன்னே நகர்த்தினான். விமானம் மட்டமாக நின்றது.

மாலையில் பறந்தபோது அது இடப்பக்கம் சாய்ந்தது. தொலையியக்கியின் திருத்தப் பொத்தானை வலப்பக்கம் சிறிதே நகர்த்தினான், நேராகச் சென்றது.

பொருள்: குன்றும் – குறையும், தொலையியக்கி – ரிமோட்

வினா: தம்பி மின்கலத்தை முன்னே நகர்த்தியது ஏன்?