குடலிலும் கொழுப்புக் கட்டி

தோளிலும் முதுகிலும் தோலின் கீழ் மெத்தென்று நிற்கும் கொழுப்புக் கட்டியைப் பலரும் கண்டிருப்பீர்கள். நோவு இராது; ஆண்டுக்கணக்கில் அப்படியே இருக்கும். இதே கட்டி அரிதாகப் பெருங்குடலின் உட்சுவரிலும் உண்டாகிறது. பெரும்பாலும் ஐம்பது வயது தாண்டியவர்களிடம், குடலின் வலப்பக்கத்தில் காணப்படும். இது புற்றுநோயன்று, புற்றுநோயாக மாறுவதுமில்லை.

சிறிதாயிருக்கும்வரை ஆளுக்கே தெரியாது. 2 சென்ரிமீற்றருக்கு மேல் வளர்ந்தால் இடைக்கிடை வயிற்றுவலி, மலச்சிக்கல் அல்லது வயிற்றோட்டம், மலத்துடன் இரத்தம் போதல் என்பன வரலாம். குடல் மலத்தைத் தள்ளுவதுபோலப் பெரிய கட்டியையும் தள்ளப் பார்க்கும். அப்போது குடலின் ஒரு பகுதி கட்டியோடு அடுத்த பகுதிக்குள் செருகிக்கொள்வதுண்டு. கடும் வலி, வாந்தி, வயிறு ஊதுதல், மலமும் காற்றும் போகாமை ஆகியவை கண்டால் விடியும்வரை காத்திராமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும். வீட்டில் பேதிமருந்து கொடுக்கவே கூடாது.

மலத்தில் இரத்தம் கண்டதும் மூலவியாதி என்று நாமே தீர்மானித்துவிடுகிறோம். குடற்புற்றுநோயும் இதே அறிகுறிகளோடுதான் வரும். வயிற்றைத் தடவிப் பார்த்து இரண்டையும் வைத்தியராலும் பிரித்தறிய முடியாது. அதற்குக் கொலனொஸ்கோப்பி என்னும் சோதனை உண்டு. நுனியில் கமரா பொருத்திய வளையும் குழாயை ஆசனவாய் வழியே செலுத்திப் பார்ப்பார்கள். கொழுப்புக் கட்டி மஞ்சளாய், வழுவழுப்பாய்த் தெரியும். கருவியால் அமுக்கினால் தலையணைபோலக் குழிந்து எழும். சி.ரி. ஸ்கான் படத்திலும் கொழுப்பு வேறாகத் தெரியும்.

சோதனைக்கு முன் வைத்தியர் தரும் மருந்தைக் குடித்துக் குடலைச் சுத்தமாக்க வேண்டும். மலசலகூடத்துக்கு வரிசையில் நிற்கும் முகாமில் இது இலேசான காரியமல்ல. வாட்டில் தங்கிச் செய்ய முடியுமா என்று முன்கூட்டியே கேளுங்கள், கேட்பதில் வெட்கமில்லை.

தொல்லை தராத சிறு கட்டியை அப்படியே விட்டுவிடலாம். சிலவற்றைக் குழாய் வழியாகவே சுருக்குக் கம்பி மாட்டி, மின்சூட்டால் அறுத்தெடுப்பார்கள். ஆனால் கொழுப்பு மின்சாரத்தை நன்றாகக் கடத்தாது. சூடு கூடினால் குடல் ஓட்டையாகலாம். ஆகவே அடி அகன்ற பெரிய கட்டிக்கும், குடல் செருகிய வேளையிலும், புற்றுநோயோ என்ற சந்தேகம் தீராதபோதும் பெரும்பாலும் சத்திரசிகிச்சையே செய்வர்.

அகற்றிய கட்டியைச் சோதனைக்கு அனுப்புவார்கள். முடிவு வர நாட்கள் செல்லும். அதற்கிடையில் இடம் மாற நேர்ந்தால், ஆஸ்பத்திரியில் தந்த துண்டை அடையாள அட்டையோடு பொலித்தீன் பையில் சுற்றிக் கையோடு கொண்டுபோங்கள். அடுத்த ஆஸ்பத்திரியில் முதலில் கேட்பது அதைத்தான்.