கூறியது கூறலும் கணினிச் செய்நிரலும்

கூறியது கூறலை நூற்குற்றங்களுள் ஒன்றாகத் தொல்காப்பியரும் நன்னூலாரும் எண்ணினர். அதனைத் தமிழ் வகுப்பிற் கற்பித்துவரும் யாம், உயர்தர மாணவர் பைத்தன் மொழியில் எழுதும் செய்நிரல்களிலும் அதே குற்றத்தைக் கண்டு முதலில் நகைத்தோம். எனினும், கூறியது கூறல் எல்லாம் குற்றமாகுமோ என்பது சிறிது ஆராய்தற்குரியது.

தோட்டச் சம்பளத்தைக் கணக்கிட ஒரு மாணவன் செய்நிரல் எழுதுகின்றான் எனக் கொள்வோம். முழுப்பேர், அரைப்பேர், விடுமுறை நாட்பேர் என மூன்று பகுதிகள். 2021ஆம் ஆண்டில் நாட்சம்பளம் 1000 ரூபாவாயிற்று. ஆதலின் மூன்று பகுதியிலும் 1000 என்றே எழுதினான். 2024இல் அது 1350 ஆயிற்று. இரண்டிடத்தில் திருத்தியவன் அரைப்பேர்ப் பகுதியை மறந்தான். மழையால் அரைப்பேரோடு மலையிறங்கிய தாய்க்கு 675 ரூபாவுக்குப் பதிலாக 500 ரூபாவே விழும். கணினி இதனைப் பிழையென்று சொல்லாது. செய்நிரல் தடையின்றி ஓடும். இங்கே கூறியது கூறல் குற்றமே. நாட்சம்பளத்தை ஓரிடத்தில் வைத்து, மூன்று பகுதியும் அதனையே நோக்குமாறு செய்தல் வேண்டும்.

இதனைக் கற்றுக்கொண்ட மாணவன், ஒத்த தோற்றமுடைய யாவற்றையும் ஒன்றாக்க விரைவான். அபாயம் ஈண்டே உளது. 1958ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி ஊழியர் சேமலாப நிதிக்குத் தொழிலாளி நூற்றுக்கு 8, தொழில்கொள்வோர் 12 செலுத்துவர். 1980ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதிக்குச் செலுத்தும் 3 முழுவதும் தொழில்கொள்வோருடையது. மூன்றும் சம்பளத்தை ஒரு வீதத்தாற் பெருக்குவனவே. அம்மூன்றையும் ஒரே சார்பாக்கி, முதலாவதற்கு இருந்த கழித்தலையும் அதனுள் வைத்துவிட்டால் என்னாகும்? 27,000 ரூபா உழைத்தவரிடம் 2,160 கழிப்பதற்குப் பதிலாக 6,210 கழிபடும்! பிழை தெரிந்தபின், 'இதற்காயின் கழிக்க, அதற்காயிற் கழியற்க' என நிபந்தனைமேல் நிபந்தனை அடுக்குவது மேலும் சிக்கல். பெருக்கலை மட்டும் பொதுவாக்கிக் கழித்தலைத் தனியே பிரித்தெழுதலே நன்று.

நம்மூர்க் கெசல்கமு ஆறும் எண்ணாகிய ஆறும் எழுத்தால் ஒன்று. அதுபற்றி இரண்டையும் ஒரு சொல்லாக்கும் அகராதியாசிரியர் எவருமிலர். செய்நிரலிலும் தோற்றத்தை நோக்காது காரணத்தை நோக்குக. 'இது மாறினால் அதுவும் மாறியே தீருமா?' என்று வினவுக. ஆமெனின் இரண்டாம் முறையே ஒன்றாக்கலாம். ஐயமாயின் பொறுத்திருக்க. முதன்முறை எழுதுக, இரண்டாம் முறை பொறுக்க, மூன்றாம் முறை சீர்ப்படுத்துக என்னும் டொன் றொபேட்ஸ் என்பாரின் வழிகாட்டலை மார்ட்டின் பவுலர் 1999இல் வெளியிட்ட தம் நூலில் எடுத்துரைத்தார். மூன்றென்பதை மந்திர எண்ணாகக் கொள்ளவேண்டா. காரணம் புலப்படுதற்கு வேண்டிய அவகாசம், அவ்வளவே.

ஒன்றாக்கத் துணிந்தபின்னும் ஒரு வேலையுண்டு. முழுப்பேர் ஒருவர், அரைப்பேர் ஒருவர், விடுமுறையிலும் உழைத்தவர் ஒருவர் என மூவர் சம்பளத்தைக் கொப்பியிற் கையாற் கணக்கிட்டு வைத்துக்கொள்க. புதிய செய்நிரல் அதே விடைகளைச் சதமும் பிசகாது தரும்வரை பழையதை அழித்தலாகாது.